எவ்வளவு குடுக்குது?

பெட்ரோல் டேங்க்கே இல்லாத மோட்டார் சைக்கிள் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் குடுக்கும்? கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது எழுதிப் போடுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை கேட்டவருக்கு நான் இன்னும் பதில் பாக்கி.

என் என்ஃபீல்டு தண்டர்பேர்டின் டேங்க் திண்ணையில் கிடந்தது. சீட்டு சுவரில் சாய்ந்திருந்தது. பக்கவாட்டு மூடிகள், ஏர் ஃபில்டர், கிளிப்புகள், திருகுகள் எல்லாம் பழைய செய்தித்தாளின் மேல், கழற்றிய வரிசைப்படி. கார்புரேட்டர் என் கையில். அதன் கிண்ணத்தில் மிச்சமிருந்த பெட்ரோல் மணிக்கட்டு வழியாக இறங்கி முழங்கை வரை போய் ஸ்வெட்டருக்குள் ஊறிக்கொண்டிருந்தது. கொடைக்கானல் நாயுடுபுரத்துக் குளிரில் பெட்ரோல் பட்ட தோல் எப்படிச் சில்லிடும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு டெம்போ டிராவலர் நின்றது. முன்சீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கி, குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு வழி கேட்டார். கார்புரேட்டரோடு கையை நீட்டித் திசை காட்டினேன். நன்றி சொன்னார். போயிருக்கலாம். வண்டியை, அதாவது வண்டியில் மிச்சமிருந்த இரண்டு சக்கரத்தையும் ஒரு ஹேண்டில்பாரையும், மேலும் கீழும் பார்த்தார்.

"எவ்வளவு சார் குடுக்குது?"

"இப்போதைக்கு வாங்கிக்கிட்டுத்தான் இருக்கு" என்றேன். வேன் மொத்தமும் சிரித்தது. சிரித்து முடித்தபின், "இல்ல சார், நெசமாவே?" என்றார்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். கார்புரேட்டரை வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி என்று நாலு பேருக்கு உதவும்படி ஒரு கட்டுரை. குறிப்பாக ஸ்லோ ஜெட்டின் துளையை எதை விட்டுக் குத்தக் கூடாது, ஏன் கூடாது என்று விளக்குவதாகத் திட்டம். அதற்கு வருகிறேன்.

முதலில், இந்த ஊரில் கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பதன் சங்கடம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஜெட் வழியாக வருகிற பெட்ரோலுக்கு இது தெரியாது. அது சென்னைக்கு ஏற்ற அளவிலேயே வந்துகொண்டிருக்கும். காற்று குறைவு, பெட்ரோல் அதிகம் என்றால் எரிந்தது போக மிச்சமெல்லாம் ப்ளக்கில் கரியாகப் படியும். வத்தலக்குண்டில் சமர்த்தாக நின்ற ஐட்லிங் பெருமாள்மலை தாண்டியதும் தள்ளாடும். சரி, இங்கிருக்கும் காற்றுக்குத் தோதாகத் திருகைத் திருப்பி வைத்தால், அடிவாரத்துக் காட்ரோட்டில் போய் இறங்கும்போது அங்குள்ள காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் என்ஜின் கொதிக்கும். மேலே ஒரு திருப்பு, கீழே ஒரு திருப்பு. ஃப்யூயல் இஞ்செக்‌ஷன் வண்டிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. காற்றை சென்சார் அளந்து பெட்ரோலை அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த கையோடு தண்டர்பேர்டும் நின்றுபோனது. அந்த வருடக் கடைசியில் அதன் இடத்துக்கு மீட்டியார் வந்தது. என்னுடையது பழைய கட்சி.

போதாததற்கு, இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு ஈரம் என்றால் உயிர். நாயுடுபுரத்தில் ஈரத்துக்குப் பஞ்சமா? மத்தியானத்துக்கு மேல் மேகம் வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்து சமையலறை ஜன்னல் வழியாக வெளியேறுகிற ஊர் இது. மழைக்குப் பயந்து சில வாரம் வண்டியை எடுக்காமல் போட்டிருந்தேன். கிண்ணத்தைக் கழற்றினால் பெட்ரோலுக்கு அடியில் கலங்கலாக இன்னொரு படலம் தனியே நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு செல்ஃபை அமுக்கி அமுக்கி பேட்டரியும் தீர்ந்து, கிக்கரை மிதித்து முழங்காலும் தீர்ந்துதான் திண்ணைக்கு வந்தது விவகாரம்.

இந்த மலையில் க்ரூசர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. க்ரூசர் நேர் ரோட்டுக்குப் பிறந்த வண்டி. காலை முன்னால் நீட்டி, கையை மேலே போட்டு, அடிவானத்தைப் பார்த்து ஓட்ட வேண்டும். கொடைக்கானலில் அடிவானம் தெரிகிற இடத்திலெல்லாம் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். நேர் ரோடு என்று ஏரியைச் சுற்றிப் போய்ப் பார்த்தால், 1863-இல் லெவிஞ்ச் துரை ஓடைகளை மறித்துக் கட்டிய ஏரி, நட்சத்திரம் மாதிரி நாலாபக்கமும் கால் நீட்டிக் கிடக்கிறது. சுற்றியுள்ள 5 கிலோமீட்டரில் டாப் கியர் போட ஒரு இடம் கிடையாது. ஆனாலும் வாங்கினேன். தொப்பைக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே மரியாதையான இடைவெளி விட்டது ஷோரூமில் அது ஒன்றுதான்.

க்ரூசர் எதற்கு என்ற கேள்வியை யாரும் கேட்டதில்லை, அதுதான் எரிச்சல். எத்தனை சி.சி., எந்த வருஷத்து மாடல், ஓட்டினால் எப்படி இருக்கும், முதுகு வலிக்குமா, எதுவும் கிடையாது. நேராக மைலேஜ்தான். கோயிலுக்கு வழி கேட்கிறவர்களிடம் நான் கோயிலின் வரலாறும் சேர்த்தே சொல்வது வழக்கம். மேல்நாட்டில் பிறந்து, இந்துவாகி, இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்த லீலாவதி அம்மையார் 1936-இல் கட்டிய கோயில் அது; மேகம் விலகினால் அங்கிருந்து பழனியும் வைகை அணையும் தெரியும். பவ்யமாகக் கேட்டுக்கொள்வார்கள். குறிஞ்சி பூத்திருக்கா சார் என்பார்கள். 2018-இல் பூத்தது, அடுத்து 2030 என்பேன். துளி வருத்தம் இருக்காது முகத்தில். 2030 வரை பொறுப்பதாகவே முடிவு செய்துவிட்டதுபோல் ஒரு தலையாட்டல். அடுத்த மூச்சில், "வண்டி எவ்வளவு குடுக்குது?"

போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். ஆர்.சி. பார்த்தார், இன்சூரன்ஸ் பார்த்தார், ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்தார். குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. காகிதங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு அதைக் கேட்டார். போன மழையில் பியர் சோலா அருவிப் பக்கம் யூகலிப்டஸ் இலையில் சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு பக்கமும் நான் அதன் அடிப்பக்கமுமாகக் கிடந்தேன். 190 கிலோ. கேரட் மூட்டை ஏற்றிவந்த இரண்டு பேர் ஓடிவந்து தூக்கினார்கள், நல்ல மனுஷர்கள். அடிபட்டதா என்று கேட்டார்கள். இல்லையென்றேன். டேங்க் ஒடுங்கிவிட்டதா என்று தடவிப் பார்த்தார்கள். தடவின கையை எடுக்காமலே கேட்டார்கள்.

உண்மையான பதிலைச் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைப்பீர்கள். தீராது. மலையில் என் வண்டி முப்பதைத் தொட்டால் பெரிது. அதைச் சொன்னால், "அதுக்கு கார்லயே போயிரலாமேண்ணே" என்று துக்கம் விசாரிக்கிற குரல் வரும். அதனால் 35 என்று சொல்லப் பழகிக்கொண்டேன். 35 சொன்னால்தான் மச்சான் வருவார்.

இந்த மச்சானை உங்களுக்கும் தெரியும். கேட்கிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு மச்சான். மச்சானிடம் இதே வண்டி. இதே கலர்கூட. ஒட்டன்சத்திரத்திலோ தாராபுரத்திலோ இருப்பார். நான் வாங்கியதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கியிருப்பார். சர்வீஸ் விட மாட்டார். எண்ணெய்? ஏதோ ஒன்றை ஊற்றுவார். 15டபிள்யூ-50 என்று டப்பாவில் தேடி அலைகிற ஜாதி இல்லை அவர். செயினுக்குச் சமையல் எண்ணெய், அதுவும் பலகாரம் சுட்டு மிச்சமானது. அந்த வண்டி 40 குடுக்கும். நான் 40 என்றால் அது 45. ஒருநாள் பொறுக்க முடியாமல், அறுபது குடுக்குது என்றேன். எதிரில் நின்றவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "இருக்கும்ணே. மச்சானுக்கு அறுபத்தஞ்சு."

மச்சான் எப்போதும் ஊர் சுற்றிக்கொண்டே இருப்பார். திருப்பதி போனார், வந்தார், ரிசர்வ் விழவில்லை. மாமியாரை வைத்துக்கொண்டு போனாராம். டேங்க் 20 லிட்டர் என்பதால் முதல் தடவை நம்பினேன். பிறகு அவர் தனுஷ்கோடி போய்வந்தார், சபரிமலைக்கும் போனார், எல்லாம் அதே டேங்க்கில். எந்தப் பங்கிலும் அவரை யாரும் பார்த்ததில்லை. மச்சானுக்கு பஞ்சர் ஆகாது. மச்சானின் கிளட்ச் கேபிள் அறாது. இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ மச்சான்களைப் பற்றிக் கேட்டுவிட்டேன். ஒரு மச்சான்கூட நேரில் வந்து நின்று, "ஆமாங்க, நான்தான், எனக்கும் முப்பதுதான் குடுக்குது, இவன் சொல்றத நம்பாதீங்க" என்று சொன்னதில்லை. சொல்லவும் மாட்டார். அவரும் எங்கோ ஒரு திண்ணையில் கையெல்லாம் எண்ணெயாக உட்கார்ந்து, யாரோ ஒருவரிடம் 45 என்று சொல்லிக்கொண்டிருப்பார். எதிரில் நிற்பவர் தன் மச்சானுக்கு ஐம்பது என்பார். நினைத்தால் அந்த மனுஷன் மேல் பரிதாபம் வருகிறது. கொஞ்ச நேரம்தான் வரும்.

வில்பட்டியிலிருந்து டி.வி.எஸ். எக்ஸெல்லில் பூண்டு மூட்டை ஏற்றிவரும் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் கேட்டால் மட்டும் எனக்குக் கோபம் வராது. காலை நீட்டி உட்காரவா அவர் வண்டி வைத்திருக்கிறார்? மூட்டைக்கு மேல் மூட்டை, அதற்கு மேல் அவர். ஒரு லிட்டருக்கு எத்தனை நடை என்பது அவருக்குப் பூண்டு விலையோடு சேர்ந்த கணக்கு. அவர் கேட்பார், நான் 30 என்று உள்ளதைச் சொல்வேன், அவர் "ம்" என்பார். பேச்சு முடிந்தது. மச்சான் இல்லாத ஒரே மனிதர். மற்றவர்களுக்கு என்ன வந்தது? தங்க நகைக் கடையில் போய் செயின் எத்தனை கிலோ தூக்கும் என்று கேட்கிறார்களா?

எல்லாம் 1985-இல் ஆரம்பித்தது என்பது என் கட்சி. ஹீரோ ஹோண்டா சி.டி.100 அந்த வருடம்தான் வந்தது. நாலு ஸ்ட்ரோக், லிட்டருக்கு 80. ஊற்றி மூடிவிட்டு மறந்துவிடுங்கள் என்று விளம்பரம் சொன்னது. நம் ஆட்கள் ஊற்றினார்கள், மூடினார்கள், மறக்க மட்டும் இல்லை. அப்புறம் கார் கம்பெனியே இந்தக் கேள்வியை இந்தியில் வைத்து விளம்பரம் எடுத்தது, அதாவது வியாதிக்குச் சான்றிதழும் கிடைத்துவிட்டது. அதற்கு முன்பு இப்படி இல்லை, 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கி ராணுவத்துக்கு புல்லட் பூட்டிக் கொடுத்த காலத்தில், எல்லையில் ரோந்து போகிற சிப்பாயிடம் யாரும் மைலேஜ் கேட்டிருக்க மாட்டார்கள் என்றெல்லாம் பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் வீராப்பாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "டாரஸ்?" என்றார்.

டீசல் புல்லட். சொல்லவே கூசுகிறது. 325 சி.சி., ஆறரைக் குதிரைசக்தி. புல்லட்டின் உடம்பில் ஒரு பம்ப்செட்டின் ஆத்மா. 65 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அதை யாரும் துரத்தியதில்லை. ஆனால் எண்பது குடுத்ததாக வைத்திருந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். வைத்திருந்தவர்களில் ஒருவர் வாத்தியார். பழனியில் வேலை பார்த்தபோது வாங்கினாராம். ஓட்டும்போது சட்டைப் பையிலிருந்து பேனா துள்ளி வெளியே விழுமாம். இப்போதும் பேனாவை அழுத்திப் பிடித்துக்கொண்டே நடப்பார். "எம்பத்தி ரெண்டு குடுத்துச்சு" என்று சொல்லும்போது அந்தக் குரலில் ஒரு தழுதழுப்பு.

அவர் ஃபிசிக்ஸ் வாத்தியார். ஓய்வு பெற்றுவிட்டார், ஃபிசிக்ஸ் ஓய்வு பெறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேன் கிளம்பிப் போனதும் வந்து, தலைகீழாகக் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தார். டாப்பெட் அடித்தீர்களா என்றார். இதில் ஹைட்ராலிக் டாப்பெட், எண்ணெய் அழுத்தத்தில் அதுவே சரிசெய்துகொள்ளும், அடிக்க ஒன்றுமில்லை என்றேன். நம்பவில்லை. ப்ளக்கைத் துடைத்தீர்களா என்றார். எந்த ப்ளக், இதில் இரண்டு என்றேன்.

"ரெண்டா? அதான் குடுக்க மாட்டேங்குது."

பிறகு நான் ஜெட்டை ஊதிக்கொண்டிருந்த செய்தித்தாளின் ஓரத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தார். வண்டி 190 கிலோ. என்னை 95 என்று எழுதினார். 80 என்று ஆட்சேபித்தேன். ஏறிட்டுப் பார்த்துவிட்டு 95-ஐ அடிக்கோடிட்டார். வத்தலக்குண்டிலிருந்து நாயுடுபுரம் செங்குத்தாக 1,800 மீட்டர். ஆக இந்த மொத்தப் பாரத்தைத் தூக்க அரைக்கோடி ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் மூன்று கோடி ஜூல் இருந்தாலும் என்ஜின் வேலையாக மாற்றுவது அதில் கால் பங்குதான், பாக்கியெல்லாம் சைலன்சர் வழியாகவும் ஃபின் வழியாகவும் சூடாகப் போய்விடும். "அப்ப மூணுல ரெண்டு பங்கு லிட்டர் உங்களத் தூக்குறதுக்கே போயிருது. ரோட்டுல போறதுக்கு ஊத்துறது தனி. எத்தனாலுக்கு இன்னொரு ஆறேழு பெர்சென்ட் கழிச்சுக்கங்க, அதுல சக்தி கம்மி." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முதல்முறையாக ஒருவர் என் வண்டியின் பக்கம் நின்று பேசுகிறார். முப்பது நியாயமான எண்தான் என்றேன். "வண்டி மேல தப்பில்ல" என்று மறுபடியும் 95-ஐத் தட்டினார்.

இறங்கும்போது அளந்தால் கதை வேறு. மூஞ்சிக்கல் பையன்கள் பெருமாள்மலை தாண்டியதும் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருள்கிறார்கள். அடிவாரம் வரை பெட்ரோலே செலவில்லை. "நூத்தி இருவது குடுத்துச்சுண்ணே" என்று வந்து நிற்கிறான் ஒருவன். இதில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சின்ன கியரில் இறங்குங்கள் என்று வளைவுக்கு வளைவு எழுதிப்போட்டிருப்பது அழகுக்கா? கியரில் இருந்தால் பாதி வேகத்தை என்ஜின் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் எல்லாப் பாரமும் பிரேக் மேல். தொடர்ந்து பிடித்தால் டிஸ்க் காய்ந்து, உள்ளே திரவம் கொதித்து, லீவர் ஹேண்டில்பாரோடு போய் ஒட்டும். பிடிக்க ஒன்றும் இருக்காது. நான் வளைவில் ஹார்ன் அடித்துக்கொண்டு ஏறுகிறேன், எதிரே சத்தமே இல்லாமல் ஒருவன் வந்து விழுகிறான். மிச்சம் பிடித்த பெட்ரோல் ஒரு டீக்குப் போதுமா? சொன்னால், "உங்க வண்டி எவ்வளவுண்ணே குடுக்கும் இறக்கத்துல?"

வீட்டில் மனைவி ஒருத்திதான் இதுவரை மைலேஜ் கேட்டதில்லை. அவள் கேட்பதெல்லாம், "ஏங்க, திண்ணை எப்பக் காலியாகும்?" பனியன் வேஸ்ட்டை எடுக்கிறேன் பேர்வழி என்று நான் எடுத்தது அவளுடைய நல்ல துண்டு என்பது தனி வழக்கு. அந்தத் துண்டு என்ன ரகம், யார் வாங்கிக் கொடுத்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

சாயந்திரத்துக்குள் வண்டியைப் பூட்டிவிட்டேன். திருகு ஒன்றும் மிஞ்சவில்லை. வாத்தியார் வாளியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சோக்கை இழுத்து ஒரே மிதி, பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் தலையை ஆட்டியபோது பெருமையாகத்தான் இருந்தது. உடனே ஒரு யோசனையும் சொன்னார். வாயால் சொல்கிற கணக்கெல்லாம் கணக்கே இல்லை, டேங்க் டு டேங்க் பார்த்துவிடலாம். கழுத்து வரை நிரப்பி, பழனி போய், அதே பங்கில் திரும்பவும் கழுத்து வரை நிரப்பி, வகுத்துவிட வேண்டியது. மலைப்பாதையில் எடை முக்கியமாம், அதனால் அவரும் பின்னால் உட்கார்ந்து வருவாராம். நோட்டு வாங்கிவிட்டார், கோடு போட்டு, ஏற்றம் தனி, இறக்கம் தனி என்று தலைப்புக்கூட எழுதிவிட்டார். சாமி கும்பிட்டதாகவும் ஆயிற்று என்கிறார். எனக்கும் ஆட்சேபம் இல்லை. பரிசோதனை அவருடையது என்பதால் பெட்ரோல் செலவு அவருடையது என்று நான் சொல்கிறேன். வண்டி உங்களுடையதுதானே என்று அவர் சொல்கிறார். பாதிப் பாதி என்று என் மனைவி தீர்ப்புச் சொன்னதை இரண்டு பேருமே ஏற்கவில்லை.